பொக்லைன் இறங்குமுன் கரையில் ஒரு நடை: கொள்ளிடப் பொறியாளர்களுக்குத் திறந்த மடல்

கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கரைப் பணிகளைப் பார்க்கும் நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கும், அவர்களிடம் வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கோடையில், அணைக்கரையில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே நிற்கும் கீழணைக்கு மேலேயும் கீழேயும் கரையைச் சீர்செய்யப் பொக்லைன் இறக்குவதற்கு முன்னால், முதலை முட்டையிட்டிருக்கும் இடங்களைத் தேடிக் குறித்துவையுங்கள். அந்த இடங்களில் மட்டும் வேலையை ஆனி பாதிவரை தள்ளிப்போடுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். ஏன், எப்படி, இதனால் உங்கள் வேலை கெடுமா என்பதைச் சொல்லத்தான் மீதி மடல்.

நான் அணைக்கரைப் பக்கம் படுகையில் சாகுபடி செய்கிறவன். முதலைமேல் எனக்குத் தனிப் பாசம் எதுவும் கிடையாது. எங்கள் பக்கம் அது ஆட்டை இழுத்திருக்கிறது, தண்ணீர் குடிக்கப் போன மாட்டைக் கடித்திருக்கிறது, ஆற்றில் இறங்கிய ஆட்களையும் பிடித்திருக்கிறது. அந்தக் கோபம் ஊரில் இருக்கிறது, நியாயமான கோபம்தான். அதற்கும் கீழே பதில் சொல்கிறேன்.

முதலில் காலண்டர். டெல்டாவில் தூர்வாரும் வேலையும் கரை பலப்படுத்தும் வேலையும் நடப்பது சித்திரை, வைகாசியில். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க வேண்டும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் ஓட்டமாக இருக்கும். ஆறு வறண்டிருக்கும், வண்டி இறங்கத் தோதாக இருக்கும். முதலையும் அதே கணக்கைத்தான் போடுகிறது. தை, மாசியில் இணை சேர்ந்து, மாசி கடைசியிலிருந்து பங்குனி, சித்திரை வாக்கில் முட்டையிடும். முட்டை பொரிய 55 முதல் 75 நாள் ஆகும். பெருந்தண்ணீர் வருவதற்குள் குஞ்சு வெளியே வந்துவிட வேண்டும். ஆக, நீங்கள் கரையில் மண்ணை வெட்டுகிற அதே இரண்டு மாதம் அதற்குள் முட்டை இருக்கிறது. உங்கள் தேதியாவது மழையைப் பார்த்து முன்னே பின்னே போகும். 2022-இல் மேட்டூரை மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முட்டைக்கு அப்படி அவகாசம் கேட்டு வாங்க முடியாது.

கூடு என்றதும் குப்பை கூளத்தைக் குவித்துக் கட்டிய மேட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் கட்டுவது கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை. நம் ஆற்றில் இருப்பது சதுப்பு முதலை, அது குழி தோண்டும். வெள்ளம் தொடாத மேடாக, மண் இளகினதாக, வெயிலும் கொஞ்சம் நிழலும் விழுகிற இடமாகத் தேடும். தண்ணீரை ஒட்டியே இருக்கலாம், கரையேறித் தள்ளியும் இருக்கலாம். ஒரே ராத்திரியில் முடிவெடுத்துவிடாது. நாலைந்து இடத்தில் கீறிப் பார்க்கும், வேர் தட்டினாலோ மண் சரிந்தாலோ விட்டுவிட்டு அடுத்த இடம் போகும். இடம் பிடித்துப்போனால் பின்னங்காலால் ஒன்றரை அடிபோல் தோண்டி, அடியில் பக்கவாட்டில் குடைந்து அகலமாக்கும். முட்டை ஒவ்வொன்றாக விழும்போது அதே பின்னங்காலை உள்ளே விட்டு நகர்த்தி அடுக்கும். சாதாரணமாக 25 முதல் 30 முட்டை. வாத்து முட்டையைவிடப் பெரிசு, நீளமாக, சுண்ணாம்பு வெள்ளையாக, கையில் எடுத்தால் 100 கிராமுக்கு மேல் கனக்கும். எல்லாம் முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றாலும் பின்னங்காலாலும் அழுத்திவிட்டுப் போய்விடும். மறுநாள் காலை அந்தப் பக்கம் வருகிறவனுக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

ஒன்றும் இருக்காது என்றால் பழகாத கண்ணுக்கு. ஆடு மேய்க்கிறவரைக் கேளுங்கள், சொல்லிவிடுவார். தண்ணீரிலிருந்து மேட்டுக்கு ஒரு இழுவைத் தடம் இருக்கும். நடுவில் வால் போட்ட கோடு, இரண்டு பக்கமும் நகம் ஊன்றிய குழி. தடம் முடிகிற இடத்தில் முறம் அகலத்துக்கு மண் மட்டும் சுற்றியிருப்பதைவிட வேறு நிறமாக இருக்கும், சருகு அதன் மேல் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். கருவேல மரத்தடியில், நாணல் முடிகிற மேட்டில், மூங்கில் புதருக்குப் பின்னால் பாருங்கள். போன வருஷம் வைத்த இடத்தையும் சுற்றிப் பாருங்கள். தாய் முதலை பழகின இடத்துக்கே திரும்பி வருவது வழக்கம். அதனால்தான் ஒருமுறை கூடுகளுக்கு வரைபடம் போட்டு வைத்தால் அடுத்த வருஷம் வேலை பாதியாகிவிடும் என்கிறேன்.

உள்ளே நடப்பது நமக்கு இன்னும் ஆச்சரியம். முட்டை ஆணா பெண்ணா என்பது இடும்போது முடிவாவதில்லை, மண்ணின் சூடு முடிவு செய்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையின் முட்டைகளை வைத்து 1980-களிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். 31 டிகிரி வரைக்கும் நிலையாக இருந்தால் எல்லாம் பெண், 32.5 டிகிரி வாக்கில் ஆண், அதற்குச் சற்று மேலே போனால் மறுபடி இரண்டும் கலந்து வரும். ஒன்றரை டிகிரிக்குள் ஒரு தலைமுறையின் கணக்கே மாறிவிடுகிறது. கூட்டுக்கு மேலே இருக்கும் கருவேலத்தை வெட்டினாலும், இரண்டு அடி மண்ணை அதன் மேல் கொட்டினாலும், கூடு அப்படியே இருப்பதாகத்தான் தெரியும். உள்ளே சூடு மாறியிருக்கும், ஈரம் மாறியிருக்கும், காற்றோட்டமும் போயிருக்கும்.

இதைவிட முக்கியம், முட்டையை எடுத்து வேறு இடத்தில் வைக்கிற விஷயம். மண் வெட்டும்போது முட்டை தட்டுப்பட்டால், நல்ல மனசுள்ள ஆபரேட்டர் வண்டியை நிறுத்தி, கூடையில் வாரி, கொஞ்ச தூரம் தள்ளிக் குழி போட்டு மூடிவிடுவார். பாவம், அவர் காப்பாற்றியதாகத்தான் நினைப்பார். ஆனால் முதலை முட்டையில் கரு முதல் ஓரிரு நாளுக்குள் மேல்பக்க ஓட்டில் ஒட்டிக்கொள்கிறது. கோழி தன் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும், இதை உருட்டினால் கரு செத்துவிடும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதைப் பென்சிலால் குறித்து, திரும்பாமல் எடுத்து, அதே மாதிரி வைக்க வேண்டும். அது பயிற்சி உள்ளவர்கள் செய்கிற வேலை, வனத்துறை மூலமாக மட்டும் நடக்க வேண்டிய வேலை.

வெட்டாமல் மேலே வண்டி மட்டும் போனால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். டிப்பர் பத்து நடை போன மண்ணில் நீங்களே கடப்பாரை போட்டுப் பாருங்கள். குஞ்சுக்கு மூக்கு நுனியில் ஓட்டைக் கிழிக்க ஒரு சின்னப் பல் உண்டு, மண்ணைக் கிழிக்க ஒன்றுமில்லை. அதற்குத்தான் தாய் வேண்டும். முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு குரல் கொடுக்கும், தவளையும் பூனைக்குட்டியும் சேர்ந்து கத்துகிற மாதிரி. அது கேட்டு தாய் வந்து மண்ணைத் தோண்டும். எதிர்க்கரை மூங்கில் மறைவிலிருந்து ஒரு வைகாசி மாலையில் அதைப் பார்த்திருக்கிறேன். முன்னங்காலால் தோண்டும், நிறுத்தும், தலையைச் சாய்த்துக் கேட்கிற மாதிரி இருக்கும், மறுபடி தோண்டும். பிறகு வாயைப் பக்கவாட்டில் வைத்துக் குஞ்சுகளை அள்ளி, மெதுவாகத் தண்ணீருக்கு இறங்கித் தலையை அசைத்தது. ஒரு சாண், ஒன்றேகால் சாண் நீளத்தில் மஞ்சளும் கறுப்புமாக ஐந்தாறு உருவங்கள் வாய்க்குள்ளிருந்து நீந்தி வெளியே வந்தன. பொரியாத முட்டையைக் கூட வாயில் வைத்து மெல்ல அழுத்தி உடைத்துக் கொடுக்கும் என்று முதலையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வடநெம்மேலியில் ஆண் முதலையே குஞ்சுகளைச் சுமந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். மாட்டுத் தொடை எலும்பை உடைக்கிற அதே வாய்தான்.

சரி, இனி சட்டம். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, பலருக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சதுப்பு முதலை முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. அந்தச் சட்டத்தின் 2(16) பிரிவைப் படித்துப் பாருங்கள். ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் ‘வேட்டை’ என்பதற்குள்ளேயே வருகிறது. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டுவரை சிறை. தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். முன்கூட்டியே எழுதித் தெரிவித்த பிறகு அப்படிச் சொல்வது கஷ்டம். இந்த மடலும் எழுதித் தெரிவித்ததுதான்.

கரை வெட்டின இடத்தில் முட்டை ஓடுகள் நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், நானும் ஒருவன். எந்த இடம், எந்த வருஷம், யார் வேலை என்று எழுதப்போவதில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்க இந்த மடல் எழுதவில்லை. மத்தியானத்துக்குள் அந்த மண்ணையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். கரைமேல் இரண்டு உடும்பு மிச்ச ஓடுகளை நக்கிக்கொண்டிருந்தன.

பொறியாளராக நீங்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. முதலை கரையைக் குடைகிறது, வெள்ளக்கரையில் ஓட்டை இருந்தால் உடைப்பு எடுக்கும், அதை விட்டுவைக்கச் சொல்கிறாயா? இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலை வெயிலுக்கும் வறட்சிக்கும் ஒதுங்க வளை தோண்டும். அது சில மீட்டர் ஆழம்வரை உள்ளே போகும். வெள்ளக்கரையின் அடியில் அப்படி ஒரு வளை இருந்தால் அது உங்கள் கவலைக்கு உரியதுதான், வனத்துறையோடு பேசி, உள்ளே எதுவும் இல்லாத நேரம் பார்த்து அடையுங்கள். முட்டைக் குழி வேறு. ஒன்றரை அடி ஆழம், தாயே மூடி அழுத்தியது, குஞ்சு போனபின் பள்ளமாக ஒரு கூடை மண் கேட்கும். கரை உடைகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. பெரும்பாலான கூடுகள் வெள்ளக்கரையிலேயே இருக்காது, அதற்கு உள்ளே ஆற்றை ஒட்டிய சிறு மேட்டிலும் திட்டிலும்தான் இருக்கும். எலி வளைக்கும் நண்டு வளைக்கும் நீங்கள் பார்க்கிற கவலையில் பாதி கூட இதற்குத் தேவைப்படாது.

அடுத்தது நேரம். ஜூன் 12-க்குள் முடிக்காவிட்டால் மேலிடத்தில் கேட்பார்கள் என்பீர்கள். காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் அந்தக் கெடு சரி. கொள்ளிடத்துக்கு மேட்டூர் திறந்த மறுவாரமே தண்ணீர் வருவதில்லை என்பது உங்களுக்குத்தான் எங்களைவிட நன்றாகத் தெரியும். இது வடிகால் ஆறு, காவிரியிலிருந்து இது பிரிகிற முக்கொம்பில் மிஞ்சினதுதான் இதில் வரும். 2018-இலும் 2022-இலும் பெருவெள்ளம் வந்தது ஆகஸ்டில். கீழணையிலிருந்து வடவாற்றிலும் வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களிலும் பாசனத்துக்குத் திறப்பது பெரும்பாலும் ஆவணி வாக்கில். ஆக, இந்தப் பக்கத்துக் கரைக்கு ஜூன் 12 என்பது காகிதத்தில் இருக்கிற கெடு. கூடு இல்லாத நீளத்தை முதலில் முடித்துவிட்டு, கூடு இருக்கிற சில இடங்களைக் கடைசியில் வைத்துக்கொண்டால் ஆனி கடைசியில் வேலை முழுதும் முடிந்துவிடும். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

கல் பதிப்பதையும் கான்கிரீட் தடுப்புச் சுவரையும் பற்றி ஒரு வார்த்தை. ஊர் இருக்கிற இடத்தில், அரிப்பு எடுக்கிற வளைவில் அது வேண்டும், மறுக்கவில்லை. ஊரும் இல்லாமல் அரிப்பும் இல்லாமல் இருக்கிற மண் சரிவைச் சும்மா விட்டுவிடுங்கள். கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையில் தண்ணீர் தேக்கினால் அதற்கு மேற்புறத்து மணல் மேடுகள் மட்டம் மாறும், முதலை கூடு வைக்கிற இடமும் மாறும். அங்கே இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கு. இருக்கிற முதலை போதாதென்று முட்டையையும் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள். கூட்டை அழித்தால் ஆற்றில் இருக்கிற பெரிய முதலை ஒன்று கூடக் குறையாது. கடிக்கிறது அதுதான். குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் வருஷத்தையே தாண்டுவதில்லை. கொக்கு, நாரை, பெரிய மீன், உடும்பு, கடைசியில் பெரிய முதலையே தின்றுவிடும். முட்டையாக இருக்கும்போதே நரியும் கீரியும் பன்றியும் பங்கு வாங்கிவிடுகின்றன. அப்புறம் நமக்குப் பயன்படுகிற ஒரு விஷயம்: கூட்டைக் காக்கிற தாய்தான் அந்த இரண்டு மாதமும் ஆளைக் கண்டால் பாய்கிறது. கூடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எந்தத் துறையில் துணி துவைக்கக் கூடாது, எங்கே மாட்டை இறக்கக் கூடாது என்று பங்குனியிலேயே தண்டோரா போட்டுவிடலாம். இப்போது அது தெரியாமல்தான் இறங்குகிறோம். கூடுகளின் வரைபடம் முதலைக்கு எவ்வளவு உதவுமோ, அதைவிட நமக்கு உதவும்.

எங்களுக்கு மேற்கே கபிஸ்தலத்தில் கஜேந்திர வரதர் கோயில் இருக்கிறது. யானையைப் பெருமாள் காப்பாற்றின கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே கதையில் முதலைக்கும் சாப விமோசனம் கிடைத்தது, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முட்டையை எல்லாம் எடுத்துப் பண்ணையில் பொரிக்கவைத்தால் இருவருக்கும் தொல்லை இல்லையே என்றும் ஒரு யோசனை வருகிறது. 1970-களில் தோலுக்காக வேட்டையாடி முதலை அரிதாகிப் போனபோது அதைத்தான் செய்தார்கள். 1975-இல் மத்திய அரசு முதலைத் திட்டம் தொடங்கியது, அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் எல்லாம் அந்தக் காலத்து வளர்ப்பு மையங்கள். அப்போது அது சரி. பொரிக்கவைப்பது இன்று பெரிய வித்தை இல்லை, விட இடம்தான் இல்லை. வடநெம்மேலியில் இடம் போதாமல் 1,000 சதுப்பு முதலைகளைக் குஜராத்துக்கு அனுப்ப அனுமதி வாங்க வேண்டிவந்தது. பண்ணையில் பிறந்தது பெருகிக் கிடக்கிறது. ஆற்றில், தாய் தோண்டியெடுத்து வளர்கிறதுதான் குறைச்சல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் துறைக்கு இதில் பழைய சம்பந்தம் உண்டு. கீழணை 1836-இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டியது. அணைக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து பறித்த மடுக்கள் மற்ற இடமெல்லாம் வெறும் மணலாகக் கிடக்கிற கோடையிலும் வற்றுவதில்லை. முதலைகள் அங்கே சேர்ந்ததற்கு அது பெரிய காரணம். அவைகளுக்கு வீடு கட்டிக்கொடுத்ததே நீங்கள்தான் என்று வேடிக்கையாகச் சொல்வோம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மாசி கடைசியில் ஒருமுறை, சித்திரை முதல் வாரத்தில் ஒருமுறை, கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் உங்கள் லஸ்கர் ஒருவர், வனக்காவலர் ஒருவர், மீன் பிடிக்கிறவரோ ஆடு மேய்க்கிறவரோ ஒருவர் என்று மூன்று பேர் கரையில் நடந்தால் போதும். கூடு கண்ட இடத்தில் கொடியெல்லாம் நட வேண்டாம், முட்டை எடுக்கிறவனுக்கு அது வழி காட்டும். மைல் கல் கணக்கில் எழுதி உங்கள் அலுவலகத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை உத்தரவு கொடுக்கும்போது ஒப்பந்தக்காரருக்கு இந்தந்த நீளத்தில் ஆனி பாதிக்குமேல்தான் வண்டி இறக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். ஆபரேட்டர் தம்பிகளுக்கு ஒரே ஒரு பாடம்: வெள்ளை ஓடு தெரிந்தால் வாளியைத் தூக்கு, கையால் தொடாதே, போன் போடு.

நடக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் பக்கத்திலிருந்து வருகிறோம், கூலி கேட்க மாட்டோம். காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். எட்டு மணிக்கு மாடு இறங்கிவிடும், அதற்குப் பிறகு எது முதலைத் தடம், எது மாட்டுக் குளம்பு என்று தெரியாது.

இப்படிக்கு,
அணைக்கரைப் படுகையில் சாகுபடி செய்யும் ஒருவன்